மழை வருது மிஸ்

ஒரு வருடம், பள்ளி திறந்த மூன்றாம் நாள். மூன்று வயதுப் பையன் ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்து "மழை வருது மிஸ்" என்றான். ஜன்னல் பக்கம் பார்த்தேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "எங்கேடா கண்ணா மழை? வெயில்தானே அடிக்குது" என்றேன். அவன் விடவில்லை. காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு "மழை வருது, மழை வருது" என்றான். சரி, குழந்தைக்கு வானிலையில் ஆர்வம் போலிருக்கிறது என்று நினைத்து, மேகம் கறுத்தால்தான் மழை வரும் என்று விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் தரையில் மழை பெய்துவிட்டது.

மாலையில் அவன் அம்மாவிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டில் ஒன்றுக்கு வந்தால் 'மழை' என்றுதான் சொல்வார்களாம். பாட்டி பழக்கிவிட்ட சொல். "இதை உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை மிஸ்" என்றார். எனக்கும்தான் கேட்கத் தோன்றவில்லை. அவர் நிரப்பித் தந்த சேர்க்கைப் படிவம் நான்கு பக்கம். ரத்த வகை, தடுப்பூசி விவரம், அப்பாவின் வேலை, அம்மாவின் வேலை, அவசரத்துக்கு அழைக்க மூன்று எண்கள் என்று எல்லாம் இருந்தன. அந்தப் பையன் ஒரு நாளில் ஐந்தாறு தடவை சொல்லப்போகிற சொல் மட்டும் இல்லை.

அந்த வருடத்திலிருந்து படிவத்தோடு ஒரு தாளைச் சேர்த்துக் கொடுக்கிறேன். அதில் உள்ள கேள்விகளைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் வந்தால் குழந்தை என்ன சொல்லும்? தூக்கம் வந்தால் என்ன செய்யும், காதைப் பிடித்துக்கொள்ளுமா, விரல் சூப்புமா? எதைக் கண்டால் பயம்? கழிப்பறையில் தண்ணீர் இறங்கும் சத்தமா, தாடி வைத்தவர்களா? அழும்போது தூக்கினால் அடங்குமா, தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் அடங்குமா? வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்?

கடைசிக் கேள்வி ஒரு சிறுமியால் வந்தது. இரண்டு வாரமாக வருகைப் பதிவின்போது அவள் பதிலே சொல்லவில்லை. காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லலாமா என்றுகூட நாங்கள் பேசிக்கொண்டோம். அப்புறம்தான் தெரிந்தது, வீட்டில் அவள் 'குட்டிமா'. பதிவேட்டில் இருக்கும் அந்த நீளமான பெயர் அவள் காதில் விழுந்த ஒரே இடம் மருத்துவமனை. அங்கே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், உள்ளே போனால் ஊசி. நான் தினமும் காலையில் அவளை ஊசிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு பெற்றோர் கூட்டம் நடக்கும். முன்பெல்லாம் அதில் நேரம், உடை, விடுமுறைப் பட்டியல் என்று பேசிவிட்டுக் கலைந்துவிடுவோம். "எழுத்து எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இப்போது கூட்டத்தில் பாதி நேரம் ஒரே ஒரு விஷயத்துக்குப் போகிறது: குழந்தையை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது.

இதில் நான் யோக்கியம் பேச முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அவன் விளையாடிட்டு இருக்கும்போது நைசா கிளம்பிடுங்க" என்று எத்தனையோ அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன். மூத்த ஆசிரியர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். என் மகளை வேறொரு பள்ளியில் சேர்த்தபோது அங்கேயும் அதையே சொன்னார்கள். அவள் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது கட்டையை அவள் வைக்கும்போது நான் நழுவினேன். சுவருக்குப் பின்னால் நின்று கேட்டேன், அழுகைச் சத்தமே இல்லை. ஆகா, வெற்றி என்று கிளம்பி வந்துவிட்டேன்.

விளைவு வீட்டில் வந்தது. அடுத்த மூன்று வாரம் நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொள்வாள். தண்ணீர் குடிக்க எழுந்தால் கூடவே எழுவாள். தூக்கத்தில் என் கையைத் தடவிப் பார்ப்பாள். அதைவிட என்னை உறுத்தியது, கட்டைகளைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே? விளையாட்டில் மூழ்கினால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான். அப்புறம் எப்படி மூழ்குவாள்? என் வகுப்பில் கதவையே பார்த்துக்கொண்டு நின்ற குழந்தைகள் எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறேன் என்று அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இதைக் கூட்டத்தில் சொன்னால் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: "சொல்லிட்டுப் போனா அழறான் மிஸ். சொல்லாம போனா அழறதில்லையே." அழுகிறான், பத்து நிமிடம் கழித்து. தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு அழுகிறான். உங்கள் காதுக்கு அது எட்டுவதில்லை. சொல்லிவிட்டுப் போனதால் வரும் அழுகையில் கோபம் இருக்கும், காலை உதைப்பான், என்னைக்கூட அடிப்பான். காணாமல் போனதால் வரும் அழுகையில் ஒரு திகில் இருக்கும். இரண்டையும் வருடக்கணக்கில் மடியில் வைத்துக் கேட்டவள் என்பதால் சொல்கிறேன், வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சரி, எப்படித்தான் கிளம்புவது? சொல்லிவிட்டு, சுருக்கமாக, தினமும் ஒரே மாதிரி. ஒரு முத்தம், ஒரு கையசைப்பு, "அம்மா போயிட்டு வரேன்". தமிழில் 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்று சொல்லும் பழக்கம் நமக்கு இருப்பது இந்த இடத்தில் எவ்வளவு வசதி! வருகிற செய்தியும் அதற்குள்ளேயே இருக்கிறது. சொன்ன பிறகு கால் நகர வேண்டும். வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை கட்டிக்கொண்டால், இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதால் அம்மா திரும்பி வருவாள் என்று கணக்கில் புலியான மூன்று வயதுக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எப்போது வருவேன் என்பதையும் சொல்ல வேண்டும். மணிக்கணக்கு மட்டும் வேண்டாம். "3 மணிக்கு வரேன்" என்பது அவர்களுக்கு வெறும் சத்தம். "சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பாட்டு பாடி முடிச்சதும் அம்மா வாசல்ல நிப்பேன்" என்றால் புரியும். அப்படிச் சொன்னால் பாட்டு முடியும்போது நிஜமாகவே வாசலில் நிற்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடத் தாமதம்கூடப் பெரிய விஷயம். ஒவ்வொரு குழந்தையாகக் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு கடைசியாக நிற்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு அப்பா இருந்தார். மகனின் உள்ளங்கையில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, "இது அப்பா. என்னைத் தேடினா இதைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போவார். பையனும் காலை முழுக்க அவ்வப்போது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொள்வான். மிகவும் ரசித்தேன், கை கழுவும் நேரம் வரும் வரை. சோப்பில் அப்பா கரைந்து போய்விட்டார். அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்தார். நான் பேனாவை எடுத்து அதே இடத்தில் வட்டம் போட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இது மிஸ். அப்பா இல்லை" என்றான். மறுநாளிலிருந்து அப்பாவின் இடம் முழங்கைக்கு மேலே மாற்றப்பட்டது.

வட்டம், கைக்குட்டை, கிழிந்த துணி, ஒரு காது பிய்ந்த முயல் பொம்மை, எதுவானாலும் எனக்குச் சம்மதம். டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1950-களின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட பொருட்களைப் பற்றி எழுதிவிட்டார். அம்மா பக்கத்தில் இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில் குழந்தை தானே போட்டுக்கொள்ளும் ஒரு பாலம் அது என்பதாக அவர் பார்த்தார். "அசிங்கமா இருக்கேன்னு துவைச்சு அனுப்பிட்டேன் மிஸ்" என்று சொல்லும் அம்மாக்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: முதல் மாதம் துவைக்காதீர்கள். அந்த வாசனைக்காகத்தான் அதை அவன் முகத்தில் வைத்துக்கொள்கிறான்.

ஜெர்மனியில் குழந்தைக் காப்பகங்களில் பெர்லின் முறை என்று ஒன்று பரவலாக உண்டு. 1980-களில் உருவானது. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு வந்து ஒரு மணி நேரம் போல வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிரிவு என்ற பேச்சே கிடையாது. நான்காம் நாள்தான் முதல்முறையாக, விடைபெற்றுக்கொண்டு, அறையை விட்டு வெளியே போவார்கள். அதுவும் அதிகபட்சம் 30 நிமிடம். குழந்தை ஆசிரியரிடம் சமாதானம் ஆகவில்லை என்றால் சில நிமிடங்களிலேயே திரும்பி வந்துவிட வேண்டும். அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக அமைந்தால், பிரிவை ஐந்தாம் நாளுக்குத் தள்ளிப்போடுகிறார்கள். இதைப் படித்தபோது, எழுதியவர்களில் யாரோ ஒருவர் திங்கட்கிழமை காலை வகுப்பில் நின்றவர் என்று தோன்றியது. இரண்டு நாள் விடுமுறை முடிந்து வரும் குழந்தைக்கு ஒவ்வொரு திங்களும் கிட்டத்தட்ட முதல் நாள்தான்.

எல்லாப் பெற்றோராலும் நான்கு நாள் விடுப்பு எடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் முதல் வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குழந்தைகளை வைத்திருக்க மாட்டோம் என்று பள்ளியில் சண்டை போட்டு வாங்கினேன். அதுவும் சிலருக்குச் சிரமம்தான். தாத்தாவோ பெரியம்மாவோ வந்தாலும் போதும், ஆனால் ஒரே ஆள் வர வேண்டும்.

அழுகையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். அமெரிக்க உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த், ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தைகளையும் அம்மாக்களையும் அறிமுகமில்லாத ஓர் அறைக்கு வரவழைத்து, சுமார் 20 நிமிடத்துக்குள் அம்மாவை இரண்டு முறை வெளியே போய்த் திரும்பி வரச் செய்து கவனித்தார். 1970 வாக்கில் வெளியான அந்த ஆய்வு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, அம்மா போனபோது யார் எவ்வளவு அழுதார்கள் என்பதை விட, அம்மா திரும்பி வந்தபோது குழந்தை என்ன செய்தது என்பதற்குத்தான் அவர் அதிக மதிப்புக் கொடுத்தார் என்பது. ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, அடங்கி, மறுபடி விளையாடப் போகிறதா?

அதனால் நான் இப்போது காலை வாசலை விட மாலை வாசலைத்தான் அதிகம் பார்க்கிறேன். போனைக் காதில் வைத்தபடியே ஒரு கையால் பையை வாங்கிக்கொண்டு நடக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், மறைப்பதற்கில்லை. ஆறு மணி நேரம் காத்திருந்து ஓடி வரும் குழந்தைக்கு ஒரு நிமிடம் முட்டி போட்டு உட்கார்ந்து முகம் காட்டினால் போதும். அப்புறம் போன் பேசிக்கொள்ளலாம்.

அந்த ஒரு நிமிடம் முடிந்ததும் பெரும்பாலும் என்ன நடக்கும் தெரியுமா? குழந்தை அழும். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை, அம்மாவைப் பார்த்ததும் செருப்பு மாட்டும் விஷயத்தில் உருண்டு புரளும். "இங்க ஏதோ ஆகியிருக்கு" என்று அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வரிசையில் நின்று, பொம்மையைப் பகிர்ந்துகொண்டு, அந்நியர்கள் முன்னால் நாள் முழுக்கச் சமாளித்த குழந்தை, கொட்டுவதற்குப் பத்திரமான ஆள் வந்ததும் கொட்டுகிறது. அந்த நேரத்தில் அறிவுரை ஏறாது. தண்ணீர், மடி, கொஞ்சம் மௌனம்.

மௌனம் என்று சொல்லும்போதே கேள்விக் கணைகள் ஞாபகம் வருகின்றன. "இன்னைக்கு என்ன பண்ணினே?" "ஒண்ணும் இல்லை." எல்லா வீட்டிலும் இதுதான். ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர் 1984-ல் ஓர் ஆய்வில், கிண்டர்கார்டனில் புதிதாகச் சேர்ந்த குழந்தைகளிடம் பள்ளியில் என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறார். சேர்ந்த இரண்டாம் நாளே அவர்கள் வரிசையாகச் சொன்னார்கள்: விளையாடுவோம், அப்புறம் இது செய்வோம், அப்புறம் அது செய்வோம் என்று. வழக்கமாக நடப்பதைத்தான் சொன்னார்கள். நேற்று நடந்த குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைத் தனியாகப் பிரித்துச் சொல்வது அந்த வயதுக்குக் கடினம். ஆகவே நாங்கள் மாலையில் கதவில் ஒரு வரி எழுதி ஒட்டுகிறோம்: 'இன்று ஜன்னலில் ஒரு ஓணான் வந்தது.' பெற்றோர் அதைப் பிடித்துக்கொண்டு, "ஓணான் என்ன கலர்?" என்று கேட்டால் போதும், மடை திறந்த மாதிரி வரும். சில சமயம் ஓணானுக்கு ஆறு கால் இருக்கும். பரவாயில்லை.

மற்ற தயாரிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. மூன்று முதல் ஐந்து வயதுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். விடுமுறையில் நள்ளிரவு வரை விழித்திருந்த குழந்தையைப் பள்ளி திறக்கும் நாளுக்கு முந்தைய இரவு எட்டு மணிக்குப் படுக்கப் போட்டால் தூங்காது. இரண்டு வாரம் முன்பிருந்தே கால் மணி நேரம், கால் மணி நேரமாக முன்னால் நகர்த்துங்கள். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை போதும், பித்தானும் பெல்ட்டும் ஆபத்து நேரத்தில் அவிழாது. சாப்பாட்டு டப்பாவை வாங்கும் முன் குழந்தையிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பள்ளி திறக்கும் அதே வாரத்தில் டயப்பரை நிறுத்தாதீர்கள், பால் பாட்டிலை நிறுத்தாதீர்கள், தனி அறையில் படுக்க வைக்காதீர்கள். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் போதும். நன்றாகப் பழகியிருந்த குழந்தைகூட முதல் சில வாரங்களில் ஆடையை நனைக்கும். மாற்று உடை இரண்டு செட் அனுப்பினால் நான் நன்றி சொல்வேன்.

சளி பிடிக்கும். முதல் வருடம் மாறி மாறிப் பிடிக்கும். புதுக் கிருமிகளை அதுவரை பார்த்திராத உடம்பு ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. காய்ச்சல் மருந்தைக் கொடுத்துவிட்டுக் காலையில் அனுப்புவது மட்டும் வேண்டாம். நான்கு மணி நேரத்தில் மருந்தின் வேலை முடிந்ததும் குழந்தை துவண்டு விழுவது என் மடியில்தான். மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் அனுப்புங்கள்.

"இன்னும் ஒரு ஃப்ரெண்டுகூட கிடைக்கலையா?" என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் 1932-லேயே எழுதிவிட்டார், இந்த வயதில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் விளையாட்டை அவரவர் விளையாடுவது சகஜம் என்று. பேசவே இல்லை என்றாலும் முதல் மாதத்தில் பதற வேண்டாம். பேசாமை ஒரு பிரச்சினையா என்று மதிப்பிடும் மருத்துவர்களே பள்ளியின் முதல் மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மாதம் தாண்டியும் வீட்டில் வாயாடி, வகுப்பில் ஊமை என்று நீடித்தால் உட்கார்ந்து பேசலாம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. "சாப்பிடலைன்னா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்", "ஸ்கூலுக்குப் போனா தெரியும் உனக்கு" என்று வீட்டில் என்னைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். நீங்கள் இரண்டு மாதமாகப் பூச்சாண்டி என்று சொல்லி வளர்த்த ஆளின் கையில் ஒரு காலைப் பொழுதில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, "சமத்தா இருக்கணும்" என்றால் அது எப்படி இருக்கும்? அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. "ஸ்கூல் சூப்பரா இருக்கும், ஒரே ஜாலி" என்று மாதக்கணக்கில் ஏற்றிவிடுவார்கள். வந்து பார்த்தால் ஊஞ்சலுக்கு வரிசை இருக்கிறது, அம்மா இல்லை. உள்ளதைச் சொன்னால் போதும்: பையை மாட்ட ஒரு கொக்கி இருக்கும், கழிப்பறை இந்தப் பக்கம், மிஸ்ஸுக்குக் கண்ணாடி உண்டு, உனக்கு அழுகை வரலாம், மிஸ் பக்கத்தில் இருப்பாங்க.

இந்த வருடக் கூட்டத்தில், பேரனைக் கொண்டுவந்து விடப்போகும் ஒரு தாத்தா கடைசி வரை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கிளம்பிய பிறகு வந்து, "அவன் அழுதா நான் கிளம்பிடுவேன்மா, அது முடியும். நான் அழுதா என்ன பண்றது?" என்றார். தெருமுனை திரும்பிய பிறகு அழலாம் ஐயா, என்றேன். எங்கள் கேட்டிலிருந்து தெருமுனை நூறு அடிதான். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சரி, அவ்வளவு தூரம் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. இன்று பதினெட்டுக் கொக்கிகளுக்கும் பெயர் ஒட்டினேன், பதிவேட்டுப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வீட்டுப் பெயர். இரண்டு குட்டிமா, ஒரு புஜ்ஜி, ஒரு ராஜா, ஒரு 'டேய்'. அவன் அப்பா அப்படித்தான் எழுதியிருக்கிறார். தாள்களை அடுக்கும்போது பார்த்தேன், ஒருவர் மட்டும் முதல் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டிருக்கிறார். நாளைக் காலை முதல் வேலையாக அந்த அம்மாவுக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.